அரசரின் சாய்ந்த கழுத்து

முன்னொரு காலத்தில் மஞ்சட்குன்றம் என்ற நாட்டை இளவழுதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், கோபம் மட்டும் மூக்கின் மேலேயே இருக்கும். பாட்டுக் கேட்கும்போது தலையை இடப்பக்கம் சாய்ப்பது அவர் வழக்கம். கேட்டுக் கேட்டு, பாட்டு இல்லாத நேரத்திலும் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. அவருக்கே அது தெரியாது. எப்படித் தெரியும்? அரசர் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே சபையும் உட்காரும். அத்தனை தலையும் சாய்ந்திருந்தால் எது நேர் என்று யார் கண்டார்?

அமைச்சர் பூதங்கண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வீட்டுக்குப் போனால் மனைவி அவர் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "என்னோடு பேசுகிறீர்களா, சுவரோடு பேசுகிறீர்களா?" என்று கேட்பாள்.

ஒருநாள் வெண்ணாகன் என்ற வெளியூர் ஓவியன் அரசரை வரைந்து எடுத்துவந்தான். பாவம், கண்டதைக் கண்டபடி வரைகிற பழக்கம் அவனுக்கு. அரண்மனை ஓவியன் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த தனபதி என்ற பிரபுவுக்கு வயிறு எரிந்தது.

"கொடிமரம் போன்ற கழுத்தை இவன் கோணலாக்கிவிட்டான், அரசே" என்று பற்றவைத்தார்.

அரசர் சபையைக் கேட்டார். கழுத்து நேர்தான் என்று சாய்ந்த தலைகள் எல்லாம் ஆடின. உடனே ஓவியனின் கட்டைவிரலை வெட்டச் சொல்லிவிட்டார் அரசர். அந்த விரல் போனால் அவன் பிழைப்பே போயிற்று.

பூதங்கண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் ஓவியன் விரல் போகும். எழுந்தார்.

"வெட்டலாம், அரசே. அதற்குமுன் இன்னொரு குற்றவாளியையும் பிடித்துவிடுவோம். தங்கள் பட்டு மேலாடையை ஒருவன் தினமும் அரித்துத் தின்கிறான். இடது தோளில் மட்டும்."

அரசர் குனிந்து பார்த்தார். ஓட்டை. சபையைப் பார்த்தார். அமைச்சர் உட்பட இருபுறமும் இருந்த எல்லார் மேலாடையிலும் அதே இடத்தில் ஓட்டை.

"யார் அந்தத் திருடன்?"

"தங்கள் காதில்தான் இருக்கிறான்."

அரசரின் கை காதுக்குப் போனது. வலது குண்டலம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இடது குண்டலமோ தோள்மேல் சுகமாகப் படுத்திருந்தது. ஓவியத்தைப் பார்த்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

சபையில் எல்லாரும் தத்தம் இடது தோளைத் தடவிப் பார்த்தார்கள். தனபதி மட்டும் அவசரமாகத் தன் வலது தோளைக் கையால் மூடினார்.

"கையை எடும்" என்றார் அரசர்.

அங்கே ஓட்டை வலது தோளில் இருந்தது. அரசருக்கு நேர் எதிரே உட்கார்பவர் அல்லவா? கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்து, கழுத்தை மறுபக்கம் சாய்த்துவிட்டிருந்தார்.

"என்னைப் போல நடிப்பதையாவது ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா?" என்று சொல்லி அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் வெட்கம் வந்தது. ஓவியனிடம் மன்னிப்புக் கேட்டு, அவனையே அரண்மனை ஓவியனாக்கினார். தன் பட்டு மேலாடையை ஓட்டையோடு எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார்.

"இது என் கழுத்து, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் அவரவர் கழுத்தோடு உட்காருங்கள்" என்று சபைக்கும் உத்தரவானது.

தனபதிக்கு ஒரே தண்டனை: சபை நடுவே ஓவியன் முன் நேராக உட்கார்ந்து தன்னைப் படம் வரையவிட வேண்டும். உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நேராக, ஐயா" என்றான் வெண்ணாகன் பணிவாக.

தனபதி தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், எது நேர் என்று தெரிந்துகொள்ள அரசரின் முகத்தைப் பார்த்தார்.