காய்க்காத முள்ளிலம்

“காய்க்கிற மரத்துக்குக் கல்லடி, காய்க்காத மரத்துக்குச் சொல்லடி” என்று ரசாலத்தின் அப்பா சொல்வதுண்டு.

பேச்சிப்பாறைக்கு மேலே, மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன விளைத் தோட்டத்தில் இரண்டு முள்ளில மரங்கள் நின்றன. அடிமுதல் கிளைவரை கூம்பு கூம்பாய் முள். மிளகுக் கொடிக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனால் காயை வெயிலில் போட்டு, வெடித்ததும் கறுப்பு விதையை உதறிவிட்டுத் தோட்டை, அதாவது மேலோட்டை, மட்டும் நாக்கில் வைத்துப் பாருங்கள்: மிளகின் உறைப்பும் நாரத்தை வாசனையும் சேர்ந்து ஏறும், நாக்கு மரத்துப் போகும். சாளை மீன் கறியில் நாலு தோடு போட்டால் கவிச்சி அடங்கும். பால் கட்டி மார் கல்லாகிப்போன தாய்மாருக்கு முள்ளை ஒடித்து, தண்ணீர் விட்டு உரைத்துப் பூசுவார்கள். அதெல்லாம் ஊர் வழக்கம். இப்போது தோட்டிலிருந்து வாசனைத் தைலம் இறக்கும் கம்பெனியின் வண்டி வருடாவருடம் கேரளத்திலிருந்து வருகிறது.

பாகம் பிரித்தபோது ரசாலம் மஸ்கட்டில் இருந்தான். காய்க்கும் மரம் தம்பி வில்பிரடுக்குப் போயிற்று; காய்க்காத மரம் அவனுக்கு விழுந்தது. நடுவே இடுப்பளவு மண்சுவர். வேலை போய், மனைவி ஸ்டெல்லாவோடு அவன் ஊருக்குத் திரும்பியபோது தன் பங்கு மரம் கொள்ளாமல் பூத்திருந்தது. தேனீக்கள் மொய்த்தன, சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓயாமல் போய்வந்தன. பிறகு அத்தனை பூவும் உதிர்ந்தது. ஒரு காயும் பிடிக்கவில்லை.

ரசாலத்துக்கும் ஸ்டெல்லாவுக்கும் பிள்ளை இல்லை. ஆனாலும் மாரில் பூச முள் கேட்டு வரும் பெண்களுக்கு அவள்தான் ஒடித்து உரைத்துக் கொடுப்பாள்.

வில்பிரட் அண்ணன் மரத்தின்மேல் காட்டிய கரிசனம் ஊருக்கே அதிசயம். தன் மரத்துக்குச் சாணம் வைக்கையில் அதற்கும் ஒரு கூடை வைப்பான். அது பூத்து நிற்கும்போது பக்கத்தில் யாரையும் சருகு எரிக்க விடமாட்டான். கேட்டால், “அப்பா நட்டதில்லியா?” என்பான்.

அந்த ஆண்டு தம்பி மரத்தில் காய் பறிப்பு. வேலையாட்களுக்கு ஸ்டெல்லா சாயா கொண்டுபோனாள். சுவருக்கு அந்தப் பக்கம் வில்பிரடின் மனைவி ரெஜினா, இவள் வருவது தெரிந்தோ தெரியாமலோ, ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மூத்த அத்தான் வீட்டுல எல்லாம் பூக்கும் பிள்ளே. காய்க்கத்தான் செய்யாது.”

ஆட்கள் சிரித்தார்கள். ஏணிமேல் நின்ற வில்பிரடும் சிரித்தான்.

ஸ்டெல்லா சாயாத் தூக்கைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். “இன்னொரு பறிப்புக்கு இந்த மரம் நிக்கப்பிடாது” என்றாள். ரசாலம் மறுக்கவில்லை. மார்த்தாண்டத்தில் பல்பொடி செய்யும் ஒருவர் இதன் பட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கே மரத்தைப் பேசிவிட்டான்.

கோடாலிக்காரன் வந்து கோடாலியில் சுற்றிய துணியை அவிழ்த்துக் கூர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வில்பிரட் சுவரேறிக் குதித்தான்.

“அண்ணே, வெட்டப்பிடாது!”

“எனக்க மரம். உனக்கு என்ன லே?”

“அது போனா எனக்க மரமும் போச்சு.”

ரசாலத்துக்குப் புரியவில்லை. கோடாலிக்காரனைத் தள்ளி நிற்கச் சொன்னான். அவன் போய்ப் பலாமரத்தடியில் பீடி பற்றவைத்தான்.

வில்பிரட் குரலைத் தாழ்த்தினான். “இது ஆண்மரம் அண்ணே. ஜாதிக்காயில உண்டும்லா, அது மாதிரி. இது பூத்தாத்தான் அது காய்க்கும்.”

“எப்பம் தெரியும்?”

“பாகம் வைக்கும்போதே அப்பா சொன்னாரு.”

“ஏணிமேல நின்னு சிரிக்கும்போதும் தெரியும், இல்லியா?”



மரத்தை ஒட்டிய வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட ஸ்டெல்லா இறங்கி வந்தாள். அழவில்லை. “மரம் நிக்கட்டும் கொழுந்தனாரே. ஆனா பறிக்க வந்த அதே ஆளுவளைக் கூப்பிடுங்க. ரெஜினாவும் நிக்கணும். ‘இது மலட்டு மரம் இல்ல, இதாலதான் நான் காய் பறிச்சேன், தெரிஞ்சேதான் சிரிச்சேன்’னு ஒருதரம் சொல்லுங்க. எனக்கு ஒரு தோடும் வேண்டாம்.”

“மைனி, ரெஜினாவுக்கே தெரியாது. கோயில் கமிட்டியில இருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?”

“சிரிச்ச மூஞ்சிய வச்சுத்தான்.”

வில்பிரட் அண்ணனின் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனான். “பாதித் தோடு உனக்கு அண்ணே. மரம் நிக்கிற காலம் வரைக்கும். இந்தப் பேச்சு நம்ம மூணு பேரோட போட்டும். வேலையும் இல்லாம இருக்க... மைனியை நீ சமாதானப்படுத்து.”

ரசாலம் முற்றத்தைப் பார்த்தான். ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே நின்றாள். பலாமரத்தடியிலிருந்து கோடாலிக்காரன் கேட்டான்: “வெட்டவா, போகவா?”

வெட்டினால் பல்பொடிக்காரருக்குச் சொன்ன சொல் நிற்கும். இரண்டு மரமும் போகும். ஸ்டெல்லா கேட்டதைக் கேட்டால் தம்பியின் மானம் போகும். தம்பி கேட்டதைக் கேட்டால் வீட்டில் அடுப்பெரியும், ஊரில் மரத்துக்கு வைத்த பெயர் அப்படியே இருக்கும். கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூன்றில் எது நியாயம்?

விடை: ஸ்டெல்லா கேட்டதுதான் நியாயம். நாலு பேர் முன்னால் விழுந்த சொல்லை நாலு பேர் முன்னால்தான் எடுக்க முடியும். தோட்டில் பாதி கொடுத்தாலும் முழுதும் கொடுத்தாலும் அந்தச் சொல் நீங்காது. மரத்தை வெட்டினாலோ, பழித்த பழி நிலைத்தே போகும். ஆனால் ரசாலம் பாதித் தோட்டுக்குச் சம்மதித்து, கோடாலிக்காரனை அனுப்பிவிட்டான்.