கண்மாய்க்குள் போன பணியாரக் கடை

கூத்தனேந்தல்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், திருட மாட்டார்கள், யார் என்ன சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்வார்கள். ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர், "அப்படியே இருங்க, யாரும் அசையக்கூடாது" என்றார். அவர் படம் எடுத்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போயும்விட்டார். பொழுது சாயும்வரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தர்கூட அசையவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து கூட்டம் போட்டார். "இது டிஜிட்டல் காலம். அவர் சொன்னார், இவர் பார்த்தார்னு எதையும் நம்பாதீங்க. செல்லுல என்ன போட்டிருக்கோ அதைப் பார்த்து நடங்க" என்றார். பாவம், அவர் புயல் நேரத்தில் பரவும் வதந்தியை மனதில் வைத்துச் சொன்னார். ஆனால் புயலுக்கு மட்டும் என்று வாயால் சொல்லவில்லையே. அன்றிலிருந்து ஊரில் மழை பெய்தால்கூட முதலில் செல்லைப் பார்ப்பார்கள். செல்லில் வெயில் என்று இருந்தால் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, "என்னா வெயில்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

அந்த ஊரில் இருளாயி, பாசனக் கண்மாய்க் கரையை ஒட்டிய ரோட்டோரத்தில் கடை வைத்திருந்தாள். காலையில் பணியாரம், சாயங்காலம் பருத்திப்பால். புருஷன் போனபிறகு அவளை நிமிர்த்தி வைத்தது அந்தக் கடைதான். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஈடு எடுத்து வைத்தாள். ஒருத்தரும் வரவில்லை. இரண்டாவது ஈடும் ஆறிப்போனது. டிராக்டர் ஓட்டும் சேவுகன் கடைக்கு நேரே வந்து நின்றான், செல்லைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினான்.

"என்ன கொழுந்தனாரே, சாப்பிடாமப் போறீக?"

"கடை மூடியிருக்கே அத்தாச்சி."

"எந்தக் கடை?"

"உங்க கடைதான். நிரந்தரமா மூடியாச்சுன்னு ப்ளூம்போ மேப்புல போட்டிருக்கு." சேவுகன் குரலைத் தாழ்த்தினான். "மனசத் தேத்திக்கங்க. உங்க கைப் பணியாரம் மாதிரி வராது."

"அட கூறுகெட்டவனே, கண்ணுக்கு முன்னால ஆவி பறக்குது!"

சேவுகன் ஆவியைப் பார்த்தான். செல்லைப் பார்த்தான். கண் கலங்கிப் போய் டிராக்டரில் ஏறினான்.

ப்ளூம்போ என்பது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. வரி கேட்டுப் போனால் ஒரு நாட்டில் இருப்பதாகச் சொல்லும், வழக்குப் போட்டால் வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்லும். இருளாயி கடையை ஏன் மூடினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் ஒரு மிஷின் செய்கிறது, மிஷினை யாரும் கேட்பதில்லை.

பத்து நாள் போனது. தினமும் மாவு புளித்தது, தினமும் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். இந்த மாசம் முழுக்க இப்படியே போனால் கடையைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. தங்கச்சி வேறு போன் பண்ணிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம், இருளாயியும் இந்த ஊர்க்காரிதான். ஒரு நாள் அவளுக்கே சந்தேகம் வந்து, கடை திறந்துதான் இருக்கிறதா என்று பணியாரக்கல்லில் விரலை வைத்துப் பார்த்தாள். சுட்டது. அந்தக் கோபத்தில் நேரே பஞ்சாயத்துத் தலைவர் சோணைமுத்துவிடம் போனாள்.

சோணைமுத்து மூன்று பேர் குழு போட்டார். அவர், சேவுகன், அப்புறம் எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் ஊரிலேயே அதிகம் படித்தவனான பூமிநாதன். பூமிநாதன் கம்பெனிக்குப் புகார் தட்டிவிட்டான். உடனே பதில் வந்தது. அவன் எழுந்து நின்று வாசித்தான்.

"வணக்கம். உங்களுக்கு முன்னால் வரிசையில் 4,811 பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து வரிசையை விட்டு நகர வேண்டாம்."

மூவரும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றபிறகு சோணைமுத்துவுக்கு மனசு உறுத்தியது.

"ஏப்பா, முன்னால நாலாயிரத்துச் சொச்சம் பேரு இருக்காகன்னா, நாம வாசல்லயே நிக்கலாமா? முறையில்லையே."

"அவுகளுக்கு எடம் விடணும்ல" என்றான் சேவுகன்.

"ஆளுக்கு ஒன்றரை அடி வச்சாலும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல வருது" என்று பூமிநாதன் கணக்குச் சொன்னான்.

மூவரும் நடந்து மருதங்குடிக்குப் பிரியும் விலக்கு ரோட்டைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஒன்றரை ஒன்றரை அடியாக முன்னால் வந்தார்கள். நடுவில் நின்ற ஒரு எருமையை, "நாங்க வரிசையில வர்றோம்" என்று தள்ளிவிட்டார்கள். இருளாயி இரண்டு நாளும் அவர்களுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். காலெல்லாம் வீங்கியிருந்தது.

செல் பேசியது. "நான் ப்ளூம்போவின் உதவியாளர். உங்கள் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லவும்."

எவ்வளவு சுருக்கமாக என்று விவாதம் நடந்தது. கடைசியில் சோணைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடை" என்றார்.

"உங்களுக்கு அருகில் கடைகள் இல்லை. நன்றி."

"ஐயோ, வச்சிராதீக!" என்று இருளாயி செல்லைப் பிடுங்கினாள். "எங் கடைய மூடிட்டீக. நான் மூடல. தெறந்து விடுங்க!"

"நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடவும்."

ஒன்பது படங்கள் வந்தன. மூவரும் குனிந்து பார்த்தார்கள். கூத்தனேந்தலில் ஏது சிக்னல்?

"கண்ணால பாக்காதத எப்படித் தொட்டுக் காட்டுறது? பொய்யாயிரும்" என்றார் சோணைமுத்து. "நாம மனுசரில்லைன்னு போட்டுட்டாலும் பரவாயில்லப்பா."

இருளாயி மதுரைக்குப் போய்வந்தவள். டப் டப் என்று மூன்று படங்களைத் தொட்டாள். பச்சை டிக் விழுந்தது. அன்றைய தேதிக்கு அந்த ஊரில் மனிதர் என்று அத்தாட்சி உள்ளவர் இருளாயி ஒருத்திதான். மூவரும் அவளுக்கு முன்னால் கொஞ்சம் ஒதுங்கியே நின்றார்கள்.

"கடை இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டவும்" என்றது செல்.

"நாந் தொடுறேன் அத்தாச்சி, நீங்க ஒரே நாள்ல எவ்வளவுதான் செய்வீக" என்று சேவுகன் கட்டைவிரலை வைத்தான். டிராக்டர் கியரைப் பிடித்துத் தடித்த விரல். அது மேப்பில் பாதி ஊரை மறைத்தது.

"வாழ்த்துகள். உங்கள் கடை திறந்துவிட்டது. இடத்தை மாற்ற விரும்பினால் இரண்டு வருடம் கழித்து முயலவும்."

இருளாயிக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் ஈடு எடுப்பதற்குள் ஊரே செல்லைப் பார்த்தபடி திரண்டு வந்தது. நாற்பது பேர் இருக்கும். வந்த நாற்பது பேரும் கடையைத் தாண்டி, கரை ஏறி, கண்மாய்க்குள் இறங்கி, செல் காட்டிய இடத்தில், முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்கள்.

"எங்க போறீக எல்லாரும்?" என்று கரையில் நின்று கத்தினாள்.

"கடைக்குத்தான்!" என்று தண்ணீருக்குள்ளிருந்து சோணைமுத்து கத்தினார். "ஏத்தா, கடையத் தெறந்து போட்டுட்டு நீ அங்க என்ன பண்ற? ஆளுக பசியோட நிக்கிறாகள்ல!"

கையில் கரண்டியோடு இருளாயி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். எத்தனை நாளாகிவிட்டது இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து! கரையில் நின்று நியாயம் பேசினால் மாவு திரும்பவும் தொட்டிக்குத்தான் போகும். அவள் பணியாரக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

சாயங்காலத்துக்குள் கருங்கல் அடுக்கி மேடை போட்டார்கள், நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டார்கள். வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்று வெளியூர்க்காரர்கள்கூட வந்தார்கள். கெண்டைக்குஞ்சு விரலைக் கடித்தால் அதற்குத் தனியாகக் காசு கிடையாது. பனியன் கம்பெனிப் பேச்சை இருளாயி அத்தோடு விட்டாள்.

பங்குனியில் அரசாங்கம் வந்தது. வருவாய்த்துறை ஆர்.ஐ. தெய்வேந்திரன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, தலைக்கு மேலே டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்.

"நீர்நிலை ஆக்கிரமிப்பு. யார் கடை இது?"

இருளாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங் கடைதான் சார். நானா வரல சார், கம்பெனிதான் இங்க போட்டுச்சு."

"அதெல்லாம் ஆபீஸ்ல சொல்லுங்க." ஆர்.ஐ. டேப்லெட்டில் தட்டினார். அரசாங்கத்துக்கென்று தனி மேப் இல்லை. ப்ளூம்போவிடம் வாங்கியதில்தான் முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். தட்டத் தட்ட அவர் முகம் கோணியது.

"என்னய்யா இது. கடை 2009-லேருந்து இதே இடத்துல இருக்குன்னு காட்டுது. கண்மாயே இல்லையே. இப்போ நான் சர்வே போட்டதும், இன்னைக்குத் தேதியில புதுசா ஒரு கண்மாய்னு ஏறுது."

"கண்மாய் பாண்டிய ராசா காலத்துல வெட்டுனது சார்" என்றார் சோணைமுத்து. "மடையில கல்வெட்டு இருக்கு."

"அப்லோட் பண்ணியிருக்கா?"

"இல்லைங்க."

"அப்போ செல்லாது. ஒரே இடத்துல ரெண்டு இருந்தா, பின்னால வந்ததுதான் ஆக்கிரமிப்பு. அதுதான் விதி." ஆர்.ஐ. பெருமூச்சு விட்டார். "மனுசனா யோசிச்சா கடையைத்தான் எடுக்கச் சொல்லணும். ஆனா நான் டூட்டியில வந்திருக்கேன்."

கண்மாய் பெயருக்கு நோட்டீஸ் அடித்து மடைத்தூணில் ஒட்டினார்கள். கூத்தனேந்தல் கண்மாய் பதினைந்து நாளைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், தவறினால் போலீஸ் துணையோடு அகற்றப்படும்.

"கண்மாய்க்குப் படிக்கத் தெரியாதே" என்றான் சேவுகன். அதனால் சோணைமுத்து வாசித்துக் காட்டினார். ஆழமான பக்கத்துக்குக் கேட்டிருக்காது என்று அங்கேயும் போய் ஒரு தடவை வாசித்தார்.

"உள்ள குடியிருக்கிற மீனுக்கு?" என்று பூமிநாதன் கேட்டான்.

"அதுக வாடகைக்கு இருக்கு. ஓனர்கிட்ட சொன்னாப் போதும்" என்றார் சோணைமுத்து.

வெயில் அந்த வருஷம் மண்டையைப் பிளந்தது. கண்மாய் நாளுக்கு நாள் வேகமாகப் பின்வாங்கியது. பதினாலாம் நாள் காலையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் ஜே.சி.பி.யோடு வந்த ஆர்.ஐ., பாளம் பாளமாக வெடித்த தரையைப் படம் எடுத்து, 'முழு ஒத்துழைப்புடன் காலி செய்தது' என்று கோப்பை மூடினார்.

"என்னா குணம் பாரேன்" என்று சோணைமுத்து மெச்சிக்கொண்டார். "இம்புட்டுப் பெரிய கண்மாய். கோர்ட்டுக்குப் போகல, கட்சிக்காரனைக் கூட்டிட்டு வரல. ஒரு நாள் முன்னாடியே கெளம்பிருச்சு."

ஐப்பசி வந்தது. செல்லிலும் மழை, வெளியிலும் மழை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் புதுத்தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து கடை மேடையைத் தொட்டது. பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு ஆர்.ஐ. வந்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காலி பண்ணினது மறுபடி வந்து உக்காந்திருக்கு. இப்போ ரெண்டையும் சேர்த்து சீல் வைக்கச் சொல்லுதும்மா. கடைக்கும் சீல், கண்மாய்க்கும் சீல்."

கையில் அரக்கு, சாக்குத் துணி எல்லாம் இருந்தது. தண்ணீரில் எப்படி ஒட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

இருளாயி அடுப்பைப் பார்த்தாள். கல்லில் ஏழு பணியாரம் வெந்துகொண்டிருந்தது. குழுவைப் பார்த்தாள். மூவரும் இடுப்பில் கைவைத்து யோசித்தார்கள்.

"சார்" என்றார் சோணைமுத்து. "வந்தது குடியிருக்கத்தான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீக? சாப்பிட வந்திருந்தா?"

"சாப்பிடவா?"

"இது கடைதானே சார். பசிச்சவுக வருவாக."

ஆர்.ஐ. டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கடைக்குச் சாப்பிட வந்தவரை ஆக்கிரமிப்பாளர் என்று எழுத அதில் இடமே இல்லை. "சாப்பிட்டுட்டு இருக்கிறவரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா எங்கே சாப்பிடுது?"

இருளாயி அதற்குமேல் யோசிக்கவில்லை. வாழையிலை ஒன்றை உதறி, ஏழு பணியாரத்தையும் அதில் வைத்து, காரச்சட்னியும் ஊற்றி, குனிந்து தண்ணீர் மேல் வைத்தாள். இலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நடுக்கண்மாய்க்குப் போனது. அங்கே பணியாரம் ஒவ்வொன்றாக முங்கியது.

 ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டார். 'வாடிக்கையாளர்' என்று பதிந்து, அரக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையேறினார்.

மறுநாள் காலையில் பார்த்தால் கண்மாய் எழுந்து போகவில்லை. போகாததோடு, தண்ணீர் இன்னும் இரண்டு முழம் ஏறியிருந்தது.

சேவுகன் இருளாயி பக்கம் திரும்பிச் சொன்னான்.

"வெறும் ஏழு பணியாரம் எம்மாத்திரம் அத்தாச்சி? பெருசா ஒரு ஈடு ஊத்துங்க. அவுக ஆறு மாசமா பட்டினியில்ல?"