கொடிமரத்துக்கு ஒரு ஸ்டூல்

சைக்கிள் கடை மாடியில் தொழிற்சங்க அலுவலகம். காலை ஏழு மணிக்கு அங்கே ஜவுளிக்கடைத் தொழிலாளர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் ரத்தினபாய்.

அவரும் ஒரு காலத்தில் இதே தெருவில் சேலை மடித்தவர்தான். ஒருநாள் மத்தியானம் துணி மூட்டைமேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். ஆறாவது நிமிஷம் வேலை போயிற்று. வழக்குப் போட்டார். வந்த நோட்டீஸெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி, அகராதி பார்த்து, அவரே படித்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் அந்த நோட்டீஸ்கள்தான்.

அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். ஆசிரியையைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். நாலு மாடிக் கடையொன்றில் இருபத்தேழு வருஷமாக வேலை. ஒருநாள்கூட வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்ததில்லை. கடையின் ஆண்டுவிழாவில் முதலாளி அவரை மேடையேற்றி, "இவர்தான் நம்ம கடையோட கொடிமரம்" என்று சொல்லிச் சால்வை போர்த்துவார். இருபத்தாறு சால்வைகள் வீட்டுப் பெட்டியில் இருந்தன. கால்சட்டைக்குள்ளே முழங்கால்முதல் கணுக்கால்வரை நரம்பு சுருண்டு கிடந்தது. அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது ரத்தினபாய் பெஞ்சைக் காட்டினார்.

"எல்லாரும் உக்காருங்க. அண்ணாச்சி, நீங்களும்."

"இருக்கட்டும் டீச்சர். நமக்கு நின்னே பழக்கம்."

சுவரில்கூடச் சாயாமல் நின்றார். அவர் கடையிலேயே வேலை பார்க்கும் மற்ற எட்டுப் பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், நின்றார்கள். ரத்தினபாய் அதைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழமை பரீட்சை டீச்சர். முதலாளி முன்னால ஒரு கஸ்டமர்கிட்ட இங்கிலீஷ்ல பேசி யாவாரம் பண்ணணும். பேசிட்டா பட்டு மாடி. இல்லேன்னா கிடங்குல மூட்டை இறக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "இந்த வயசுல மூட்டை இறக்க முடியாது."

"எதுல ஆரம்பிப்போம்?"

"‘சிட் டவுன்’. வாறவங்களை உக்கார வச்சுட்டா பாதி யாவாரம் முடிஞ்ச மாதிரி. அதை எங்கெங்கே, எப்படியெப்படிச் சொல்லலாம்?"

"பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்க. தினசரி உங்க வாயில வாறது, உங்க கண்ணுல படுறது. புஸ்தகத்தைப் பாத்து எழுதாதீங்க."

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார். நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார்.

"ப்ளீஸ் சிட் டவுன், மேடம். ப்ளீஸ் சிட் டவுன், சார். த கஸ்டமர் சாட் டவுன். த மேனேஜர் இஸ் சிட்டிங் டவுன். த கஸ்டமர்ஸ் பேபி சாட் டவுன்..."

"அந்தக் கஸ்டமரம்மா பையைக்கூட நாற்காலியில உக்கார வைப்பாவள்லா, அதையும் எழுதியிருக்கீயளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் இசக்கியம்மாள். அவரோடு அதே மாடியில் சேலை மடிப்பவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"எட்டாவது வாக்கியம் அதுதாம்மா," என்றார் ஆவுடையப்பன். மறுபடியும் சிரித்தார்கள்.

ரத்தினபாய் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பத்தும் சரி. ஒரு ஆள் மட்டும் இதுல இல்ல."

"யாரு டீச்சர்?"

"எழுதினவரு."

ஆவுடையப்பன் பெருமையாகச் சிரித்தார். "அது வராது டீச்சர். கொடிமரம் எங்கயாவது உக்காருமா?"

"உக்காராது. செல்லரிக்கும்," என்றாள் இசக்கியம்மாள்.

ரத்தினபாய் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அது வருவதற்குமுன் எத்தனை கால்கள் வீங்கின என்று சட்டப் புத்தகத்தில் போடவில்லை. சட்டத்தின் பின்னாலேயே ஸ்டூல்களும் வந்தன. ஆவுடையப்பன் வேலை பார்க்கும் கடையில் மாடிக்கு மாடி, படிக்கட்டின் ஓரம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை இதுவரை ஒருவரும் கிழிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இசக்கியம்மாளுக்குச் செருப்பு வார் காலில் புதையும்படி பாதம் வீங்கிவிட்டது. சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், கூட்டம் இல்ல. ஒரு பத்து நிமிஷம் ஸ்டூல் போட்டுக்கிடட்டுமா?"

சூப்பர்வைசர் கூடாதென்று சொல்லவில்லை. அவர் சட்டம் தெரிந்தவர். ஆவுடையப்பன் இருக்கும் பக்கம் கையை நீட்டினார்.

"அண்ணாச்சியப் பாரும்மா. அம்பத்திரண்டு வயசு. அவரே நிக்காரு. உனக்கென்ன?"

இசக்கியம்மாள் திரும்பிப் போய்ச் சேலை மடித்தாள். ஆவுடையப்பன் காதில் விழுந்தது. முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

வியாழக்கிழமை வகுப்பில் அதை அவரே சொன்னார். சால்வையை விரித்துக் காட்டுவதுபோலச் சொன்னார்.

ரத்தினபாய் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பாடத்தைத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் முடிகிற வகுப்பு அன்றைக்கு முடியவில்லை. ஒன்றேகால் மணி ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று. இசக்கியம்மாள் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்றாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பெஞ்சு சும்மாதானே கிடக்கு? உக்காரேன்."

அவள் உட்காரவில்லை.

"டீச்சர், இந்தப் பிள்ளைய உக்காரச் சொல்லுங்க."

"முதல் நாளே எல்லாரையும் சொன்னேன் அண்ணாச்சி."

"பிறகு ஏன் ஒருத்தரும் உக்காரல?"

"அவங்ககிட்டயே கேளுங்க."

திரும்பினார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் இசக்கியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்க நிக்கீயள்லா அண்ணாச்சி."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"இங்க சூப்பர்வைசர் யாரும் இல்ல, பாத்துக்கிடுங்க," என்றார் ரத்தினபாய். "நேரமாச்சு, போயிட்டு வாங்க."

ஆவுடையப்பன் படியிறங்கினார். எட்டுப் பேரும் பின்னால் வந்தார்கள். கடை போய்ச் சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி மாடிக்கு வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தமிழை மறந்துவிட்ட ஓர் அமெரிக்கக் குடும்பம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தது.

"ப்ளீஸ் சிட் டவுன், மேடம்," என்றார் ஆவுடையப்பன்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். அவர் சேலைகளை விரித்தார். நிறத்தைச் சொன்னார், கரையைச் சொன்னார், துவைக்கும் முறையைச் சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் கையால் சொன்னார். நான்கு சேலை எடுத்தார்கள். போகும்போது அந்த அம்மாள் கை கூப்பினார்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "கொடிமரம் இங்கிலீஷும் பேசுதே! திங்கட்கிழமையிலிருந்து பட்டு மாடிக்குப் போங்க."

ஆவுடையப்பன் கும்பிட்டார். பிறகு படிக்கட்டு ஓரம் போனார். மேலே இருந்த ஸ்டூலை எடுத்து அதன் உறையைக் கிழித்தார். அந்த மாடியில் அப்படியொரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

ஸ்டூலைத் தூக்கிவந்து இசக்கியம்மாள் பக்கத்தில் வைத்தார்.

"ப்ளீஸ் சிட் டவுன்."

இசக்கியம்மாள் ஸ்டூலைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள்.

அவருக்குப் புரிந்தது. திரும்பப் போனார். இன்னொரு உறையைக் கிழித்தார். ஸ்டூலைத் தன் இடத்தில், வாடிக்கையாளர் வரும் வழிக்கு நேராகப் போட்டார். கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷம் மடங்காத முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது.

முதலாளி எழுந்துவிட்டார்.

"வாட் இஸ் திஸ், ஆவுடையப்பன்?"

கொலுமண்டபத்தில் இருப்பவர்போல அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. நிதானமாகச் சொன்னார்.

"ஐ ஆம் சிட்டிங் டவுன், சார்."

இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் கையை நீட்டினார். நீட்டிய திசையில் காட்டுவதற்கு ஆள் இல்லை. நின்றுகொண்டிருந்த ஒருத்தி படிக்கட்டு ஓரம் போனாள். பிறகு ஒருவன். மேல்மாடியில் உறை கிழிந்தது. அதற்கும் மேலே கிழிந்தது.

சனிக்கிழமை ஆவுடையப்பன் வகுப்புக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தார். எட்டுப் பேரும் பெஞ்சில் இருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாசலிலேயே நின்று அதைக் கண்குளிரப் பார்த்தார். இருபத்தாறு சால்வைக்கும் அப்படி அவர் நெஞ்சு விம்மியதில்லை.

"கிடங்குக்கு மாத்திட்டாவ டீச்சர்," என்றார்.

"கேள்விப்பட்டேன். உத்தரவு எழுத்துல குடுத்தாங்களா?"

"குடுத்திருக்காவ. இங்கிலீஷ்லதான் இருக்கு." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பட்டு மாடி போச்சு. வாக்கியத்துல பிழை ஏதும் உண்டுமா?"

"இசக்கி, நீ சொல்லு. அண்ணாச்சி பேசினது புரிஞ்சுதா?"

"நாலு மாடிக்கும் புரிஞ்சுது டீச்சர். இன்னைக்கும் உக்காருவோம். கிடங்குக்கும் ஒரு ஸ்டூல் இறக்குதோம் அண்ணாச்சி, கவலைப்படாதீய."

"அப்போ பிழை இல்ல," என்றார் ரத்தினபாய்.

உத்தரவை மேஜைமேல் விரித்துக் கல்லை வைத்தார். கரும்பலகையைத் துடைத்தார். ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரத்தினபாய் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த பாடம் ‘ஸ்டாண்ட் அப்’. வந்து உக்காருங்க அண்ணாச்சி. நின்னுக்கிட்டே அதைப் படிக்க முடியாது."