பாதிச் சொல்லோடு ஓடிய முயல்

கொன்றைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் வேறு எங்கும் தண்ணீர் கிடையாது. அது வேடனுக்கும் தெரியும். அதனால் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. கரையில் நிற்கும் ஆள்காட்டிப் பறவை வேடனின் நடமாட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும். சுருக்கன் என்ற முயல் அதைக் கேட்டு, தொலைவில் புதர்களில் இருக்கும் விலங்குகளுக்குச் சொல்லும்.

சுருக்கனுக்குத் தன் கால்களைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. பறவை வாயைத் திறந்ததுமே பாய்ந்துவிடும். நின்று முழுவதையும் கேட்பது ஆமைகளின் வேலையாம். காதுகள் என்னவோ அத்தனை நீளம்!

ஒரு நாள் காலை, "வேடன் வர..." என்று பறவை ஆரம்பித்தது. முயல் அதற்குள் கிளம்பிவிட்டது. மிச்சத்தைத் தானே ஒட்டிக்கொண்டு, வேடன் வரப்போகிறான் என்று புதருக்குப் புதர் சொல்லிக்கொண்டே போனது.

ஒரு புதரில், அப்போதுதான் குட்டி ஈன்ற மான் படுத்திருந்தது. பயத்தில் அது நாள் முழுவதும் அசையவில்லை. தண்ணீர் இல்லாமல் பால் வற்றியது. குட்டி மடியை முட்டி முட்டி அழுதது. பறவை சொன்னது "வேடன் வரவில்லை" என்பது இருட்டிய பிறகுதான் தெரிந்தது. அது சிறுத்தை தண்ணீருக்கு இறங்கும் நேரம். மான் எங்கே போகும்?

மானுக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, இனி முழுதாகக் கேட்டு வா என்று மட்டும் சொன்னது. முயல் தலையாட்டியது. தலையாட்டக் காசா பணமா?

மறுநாள் விடிந்ததுமே வேடன் வந்துவிட்டான். மான் தாகத்தோடு காத்திருந்தது. சற்று நேரத்தில் முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மானக்கா, வேடன் போய்விட்டான். எழுந்து வா."

மான் எழுந்து ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு நின்றது.

"போய்விட்டான் என்று பறவை சொன்னதா, நீயாகச் சேர்த்தாயா?"

"போ... என்பது வரை கேட்டேன். அப்புறம் வேறென்ன சொல்லப்போகிறது?"

"அந்த அப்புறத்தைக் கேட்டு வா. அதுவரை நான் நகரமாட்டேன்."

முயல் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. பறவை இன்னும் கூவிக்கொண்டிருந்தது. முதல்முறையாக முயல் நின்று கேட்டது.

"வேடன் போகவில்லை. நாணலுக்குள் ஒளிந்திருக்கிறான்."

நாணலுக்கு நடுவே வில்லின் நுனி தெரிந்தது. முயல் புல்லோடு புல்லாகப் பதுங்கியது. தன் பேச்சை நம்பித் தாயும் குட்டியும் வந்திருந்தால், நேராக அந்த அம்புக்கு எதிரில்தான் வந்து நின்றிருக்கும்.

வெயில் ஏறியது. வேடன் சலித்துப்போய் எழுந்து நடந்தான். பறவை குரல் கொடுத்தது. கடைசி எழுத்து அடங்கும்வரை முயல் அசையவில்லை. அடங்கிய பிறகும் சற்று நின்றது. அப்புறம்தான் மானிடம் போய், "வேடன் போய்விட்டான்" என்றது.

மான் அதன் முகத்தைப் பார்த்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து, குட்டியோடு தண்ணீருக்கு நடந்தது.

சொல்லின் பொருள் அதன் கடைசியில்தான் முடிவாகிறது. அதுவரை காத்திராதவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பொய்யைத்தான் சுமந்து போகிறான்.