சடையாண்டி ஓடிய சித்திரை ஓட்டம்

சடையாண்டிக் கரடிக்குத் தேன் என்றால் உயிர். தூக்கம் என்றால் அதைவிட உயிர். அதன் மனைவி குழலிக்கோ அந்தக் கோடையில் மசக்கை. தேன் வாசனை வந்தாலே குமட்டியது. பலாச்சுளை, பலாச்சுளை என்று நாக்கு ஏங்கியது.

காட்டில் இருந்ததோ ஒரே பலாமரம். அந்த வருடம் அதில் காய்த்ததும் ஒரே காய். அது பழுப்பதற்குள் அடிதடி வந்துவிடும் என்று யானைக்குக் கவலை. எல்லோரையும் கூட்டிச் சொன்னது.

"சித்திரை முதல் நாள் ஓட்டப்பந்தயம்! நாவல் மரத்தடியிலிருந்து செம்மண் சாலை வழியாகப் பலாமரம் வரை மூன்று மைல். முதலில் வருபவருக்குப் பாதிப் பழம். வெயில் உச்சிக்கு வருமுன் ஓடி முடிக்கும் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சுளை!"

"அந்தப் பாதிப் பழம் உனக்குத்தான்!" என்று குழலியிடம் மார்தட்டியது சடையாண்டி.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருந்தது. பக்கத்துப் புதரில் வசித்த ஊசியன் என்ற முள்ளம்பன்றி மறுநாள் விடியும்போதே குகை வாசலில் வந்து நின்றது.

"சடையாண்டி, வா! சேர்ந்து ஓடிப் பழகலாம்."

பத்து மரம் தாண்டுவதற்குள் சடையாண்டிக்கு மூச்சு வாங்கியது.

"போதும் ஊசியா! நாலு கால் இருக்கிறது, ஓடத் தெரியாதா? ஓடுவதைப் போய் யாராவது பழகுவார்களா?"

மறுநாள் கால்வலி என்றது. அதற்கு மறுநாள் மேகமூட்டம் என்றது. நாலாம் நாள் அமாவாசை. அதன் பிறகு காரணம் சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை. ஊசியன் மட்டும் தினமும் தன் குட்டைக் கால்களால் ஓடிக்கொண்டிருந்தது.

பந்தய நாள் வந்தது. "உடம்புக்குத் தெம்பு வேண்டாமா?" என்று சடையாண்டி மூன்று தேனடைகளைப் பிழிந்து குடித்துவிட்டுக் கிளம்பியது.

பலாமரத்தடியிலிருந்து யானை பிளிறியதுதான் தாமதம், சடையாண்டி பாய்ந்தது பாருங்கள், மானையே முந்திவிட்டது! மரமெல்லாம் குரங்குகள் சீட்டியடித்தன. சடையாண்டி திரும்பித் திரும்பிக் கையசைத்தபடி ஓடியது.

சாலை முதல் வளைவு திரும்பியது. குரங்குகள் மறைந்தன. மூச்சும் மறைந்தது!

மான் முந்தியது. காட்டுப்பன்றி முந்தியது. 'கொஞ்சம் வழி விடுங்கள்' என்று கீரிகூட முந்தியது. செம்மண் பாதத்தைச் சுட்டது. உடம்பெல்லாம் ரோமம்; கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பின் மேல் நடப்பதுபோல் கொதித்தது. வயிற்றில் தேன் களக் களக் என்றது. சாலையோரம் ஒரு சேற்றுக் குட்டை தெரிந்தது. தொப்பென்று அதில் விழுந்தது சடையாண்டி.

"யாரப்பா அது, என் மேல் விழுவது?" என்றது அங்கே படுத்திருந்த எருமை.

"அண்ணே, இனி என்னால் ஓரடி வைக்க முடியாது! என்னை முதுகில் ஏற்றிப் பலாமரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். யாருக்கும் தெரியாது!"

எருமை அசைபோட்டபடி யோசித்தது.

"மற்றவர்கள் மேலெல்லாம் செம்மண் புழுதி இருக்கும். உன் மேல் என் குட்டைச் சேறல்லவா ஒட்டியிருக்கும்? யானைக்குக் கண் சின்னதுதான் தம்பி, குருடில்லை."

சடையாண்டி தலையைத் தொங்கப் போட்டது. அப்போது சலசலவென்று முள் குலுங்க, நிதானமாக ஓடி வந்தது ஊசியன்.

"நீ போ ஊசியா. நான் தோற்றுவிட்டேன்."

"மானிடம்தானே தோற்றாய்? சுளை இன்னும் இருக்கிறது! எழுந்திரு. முடிந்தால் ஓடு, முடியாவிட்டால் நட. நான் உன் பின்னாலேயே வருகிறேன். நின்றால் என் முள் குத்தும், பார்த்துக்கொள்!"

குழலியின் முகம் நினைவுக்கு வந்தது. சடையாண்டி எழுந்தது. இருபதடி நடந்தது, பத்தடி ஓடியது. வேகம் குறைந்தபோதெல்லாம் பின்னாலிருந்து முள் உரசியது. "ஐயோ! ஓடுகிறேன், ஓடுகிறேன்!" என்று குதித்தது. இரண்டும் சிரித்துக்கொண்டே ஓடின.

நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. "வருகிறார்கள்! கடைசி இரண்டு பேரும் வருகிறார்கள்!" என்று கிளி கத்தியது. பாதிப் பழத்தை வென்றிருந்த மான்கூடத் துள்ளித் துள்ளிக் கூவியது. சடையாண்டி ஓடி, தடுக்கி, உருண்டே பலாமரத்தைத் தொட்டது. வெயில் உச்சிக்கு வர ஒரு விரற்கடைதான் பாக்கி!

யானை அதற்கு ஒரு சுளை கொடுத்தது. வாசனையில் நாக்கு ஊறியது. ஆனாலும் சடையாண்டி அதை அப்படியே, மரத்தடியில் காத்திருந்த குழலியின் கையில் வைத்தது.

"பாதிப் பழம் என்று வாய் கிழியப் பேசினேன். இதுதான் கிடைத்தது."

சேறும் புழுதியுமாக நின்ற கணவனைப் பார்த்துக் குழலி விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுளையைத் தின்றது. "ஆகா! இன்னொன்று இருந்தால்..."

"இந்தா தங்கச்சி!" என்று தன் சுளையை நீட்டியது ஊசியன்.

சடையாண்டி ஊசியன் பக்கம் திரும்பியது. "எனக்காக நின்று நின்று வந்தாய். இப்போது சுளையையும் கொடுக்கிறாய். உனக்கு மட்டும் இவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது?"

"ஒரு மாத விடியற்காலை ஓட்டத்திலிருந்து!" என்றது ஊசியன்.

பந்தய நாளில் கைகொடுப்பது, அதற்கு முன் ஒவ்வொரு நாளும் செய்த பயிற்சிதான்.