பேர் சொல்லாத மருந்து

செடிகொடிகளுக்குக் காலும் வாயும் இருந்த காலம் அது. பொதிகை மலையடிவாரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், மருந்து தேடி ஒருவரும் காட்டுக்குப் போனதில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மருந்தே நடந்து வரும்.

கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறவர், "ஏ இஞ்சி" என்று குரல் கொடுப்பார். இஞ்சி மண்ணை உதறிக்கொண்டு எழுந்து வரும். "பாயசத்தோட நிறுத்தியிருக்கலாம்லா? அதுக்கு மேல வடை எதுக்கு வே?" என்று நாலு ஏச்சு ஏசிவிட்டுத்தான் சாறாக இறங்கும். சளி பிடித்த வீட்டுக்குத் தூதுவளை வேலியைப் பிடித்துக்கொண்டு வரும். மிளகு சோம்பேறி, மரத்தை விட்டு இறங்க அதற்கு மனசே வராது. ஆனாலும் தொண்டை கட்டியவர் கரகரவென்று கூப்பிடுகிற அழகைக் கேட்டுச் சிரிப்பு வந்து இறங்கிவிடும். காலில் மண்வெட்டி பட்டால் மஞ்சள் ஓடோடி வரும். கறிவேப்பிலை மட்டும் வரும்போதே முணுமுணுக்கும்: "கொதிக்கிறதுல போடுவிய, வாசம் வந்ததும் இலை ஓரத்துல ஒதுக்குவிய. என் பொழப்பு இப்படி."

மருந்து வருவது என்றால் விருந்தாளி வருவது மாதிரி. பேச்சும் சிரிப்பும் அடங்கும்போது பாதி நோய் போயிருக்கும். இன்று கடையில் பொட்டலம் கட்டி வாங்கி, டப்பாவில் போட்டு மூடி வைத்து, வேண்டும்போது தேடுகிறோமே, அதை நினைத்தால் அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று என்று ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அது எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கதை.

கூப்பிட்டால் வருகிற மருந்துகளுக்கு ஒரே ஒரு கட்டு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் "போயிட்டு வா" என்று வாயால் விடை கொடுக்க வேண்டும். விடை வாங்காமல் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமல்ல, செடிகொடி அத்தனைக்கும் காலும் வாயும் போய்விடும். இந்தக் கட்டைப் போட்டது மலையா, மழையா, யாரென்று தெரியாது. ஆனால் குப்பைமேனி முதல் கீழாநெல்லி வரை எல்லாவற்றுக்கும் இது தெரியும், ஊராருக்கும் தெரியும்.

கைக்குழந்தைகளுக்கென்று ஒரு மருந்து இருந்தது. வாய்க்கால் ஓரச் சேற்றில் வாள் போல இலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கிழங்கைக் கிள்ளினால் கம்மென்று வாசம் வரும். பட்டப்பகலில் ஒருமுறை பெயர் சொல்லிவிடலாம், தப்பில்லை: வசம்பு. இனிமேல் பிள்ளைவளர்ப்பான் என்றே சொல்லிக்கொள்வோம். அதற்கும் காரணம் இருக்கிறது.

பிள்ளை வயிறு உப்பி வீறிட்டால் தாய்மார் அதைத்தான் கூப்பிடுவார்கள். அது வந்து விளக்குச் சுடரில் தன்னைக் கொஞ்சம் சுட்டுக்கொள்ளும். கரிந்த இடத்தைக் கல்லில் எண்ணெய் விட்டு உரைத்து, பிள்ளையின் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டால் வயிறு இளகும், பிள்ளை கண் அயரும். சுடும்போது அதற்கு வலிக்கும். ஆனால் அது முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

ஊரிலேயே அதை அதிகமாகக் கூப்பிட்டவள் மாடத்தி. அவளைக் குறை சொல்லவும் முடியாது. தலைப்பிள்ளை வயிறு உப்பி அழுதபோது, 'தானாகச் சரியாகிவிடும், வீணாக ஒரு சீவனைச் சுடுவானேன்' என்று இருந்துவிட்டாள். பொழுது விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. அடுத்து சொரிமுத்து பிறந்தான். அவன் தும்மினால் கூப்பிடுவாள், கொட்டாவி விட்டால் கூப்பிடுவாள், தூக்கத்தில் சிரித்தால்கூட, 'இது என்ன சிரிப்போ' என்று கூப்பிடுவாள். வந்ததைச் சீக்கிரம் விடவும் மாட்டாள்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கான் தாயி, நான் வாரேன்" என்று அது எழுந்திருக்கும்.

"கொஞ்சம் இரேன். நீ இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியம்" என்பாள். அதுவும் உட்கார்ந்துகொள்ளும். வாய்க்கால் தவளைகளின் கதையெல்லாம் சொல்லும். அவள் கேட்டுக்கொண்டே பிள்ளையை ஆட்டுவாள். அந்த ஊரில் அவளுக்கு வாய்த்த தோழி என்று சொன்னால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, பக்கத்து வீட்டு முப்பிடாதி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முப்பிடாதிக்கும் கைக்குழந்தை, குஞ்சரம் என்று பெயர்.

ஒரு நாள் விளக்கேற்றுகிற நேரம். சொரிமுத்துவுக்கு விக்கல் எடுத்தது. மாடத்தி வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாய்க்கால் ஈரம் சொட்டச் சொட்டப் பிள்ளைவளர்ப்பான் வந்து பார்த்தது.

"பால் குடிச்ச விக்கல் தாயி. தோள்ல போட்டு முதுகைத் தட்டு, நின்னுரும். எனக்கு விடை கொடு."

"நிக்கட்டும், அப்புறம் போ" என்றாள் மாடத்தி.

அது சொன்னபடியே விக்கல் நின்றது. "இன்னும் செத்த நேரம்" என்றாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சரம் வீறிட்டாள். பசிக்கு அழுகிற அழுகை இல்லை. தாய்க்காரிகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அடுத்து, முப்பிடாதி வாசலில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அது சட்டென்று எழுந்து வாசற்படி வரை போய் நின்றது. திரும்பி மாடத்தியைப் பார்த்தது. "தாயி, சொல்லிரு. போயிட்டு வான்னு ஒரு வார்த்தை."

மாடத்திக்கு வாய் திறக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. முப்பிடாதிக்குப் பேறு பார்த்தபோது கூட இருந்தவளே அவள்தான். ஆனால், இது போன பிறகு சொரிமுத்துவுக்கு ஏதாவது வந்தால்? தலைப்பிள்ளையின் விறைத்த கால் கண்ணுக்குள் வந்து நின்றது. மகனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

முப்பிடாதி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. "ஏ, எங்க இருக்க? எம்பிள்ளை கண்ணைச் சொருகுதே! எங்க இருந்தாலும் வந்துரு!"

"உன் பயம் எனக்குத் தெரியும் தாயி" என்றது அது. "நான் போனா உனக்குத் தாங்காது. போகாட்டா அந்தப் புள்ளைக்குத் தாங்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டவங்க கையில கட்டுப்பட்டுக் கிடக்கேன் பாரு, அதுதான் தப்பு. இனிமே யாரும் என் பேரைச் சொல்ல வேண்டாம். பேர் சொல்லாம இருந்தா நான் எந்த வீட்டுக்கும் தனியா சொந்தமில்ல. எல்லாப் பிள்ளைக்கும் பொது."

சொல்லிவிட்டு, பிள்ளைவளர்ப்பான் தன்னைத்தானே நடுக்கணுவில் முறித்துக்கொண்டது. ஒரு துண்டு மாடத்தியின் காலடியில் கிடந்தது. மறு துண்டு விடை வாங்காமலே படியைத் தாண்டிக் குதித்தது.

தாண்டியதும் தெருவில் விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. அதே நொடியில் வேலித் தூதுவளை பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. எங்கோ யாரையோ ஏசிக்கொண்டிருந்த இஞ்சியின் குரலும் நின்றது. ஊர் முழுக்க ஒரு அமைதி. அப்படி ஒரு அமைதியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

மாடத்தி தெருவில் கிடந்த துண்டைப் பார்த்தாள். காலும் இல்லை, வாயும் இல்லை, வெறும் கிழங்கு. அது இனி நடக்காது என்று அவளுக்குப் புரிந்தது. சொரிமுத்துவை இடுப்பில் தூக்கி வைத்தாள், துண்டைக் குனிந்து எடுத்தாள், ஓடினாள்.

முப்பிடாதியின் விளக்கிலேயே சுட்டாள். விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. உரைத்துக் குஞ்சரத்தின் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டு, வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்றது. காற்று பிரிந்தது. குஞ்சரம் கண் திறந்து, பசிக்கு அழுகிற அழுகையை அழுதாள். முப்பிடாதி பிள்ளையை வாரி மாரில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள்: "அத்தனை தரம் கூப்பிட்டேனே, அது ஏன்க்கா வரல?"

"நான்தான் விடல முப்பிடாதி" என்றாள் மாடத்தி. "எம்பிள்ளைக்கு வெறும் விக்கல். நான் விடல."

முப்பிடாதி பிள்ளையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாடத்தி மீதித் துண்டை விளக்கடியில் வைத்துவிட்டு, அது கடைசியாகச் சொன்னதையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஊரே வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தது. இஞ்சி வரவில்லை. மிளகு இறங்கவில்லை. கறிவேப்பிலையின் முணுமுணுப்பையாவது கேட்க மாட்டோமா என்று ஆளாளுக்கு மரத்தடியில் போய் நின்றார்கள். காற்றில் இலை ஆடியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் மண்ணைத் தோண்டவும் மரம் ஏறவும் பழகினார்கள். மருந்து கிடைத்தது, குணமும் குறையவில்லை. பேச்சுத்தான் இல்லை. மாடத்தி அந்தி தோறும் வாய்க்கால் கரைக்குப் போய் அந்த வாள் இலைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தவளைகள் கத்தும். அவை என்ன கத்துகின்றன என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே என்று இருக்கும். முப்பிடாதி அவளோடு பேசுவதை விட்டிருந்தாள்.

மழைக்காலம் வந்தது. வாய்க்கால் கரை புரண்டு, கிழங்கு பறிக்க வழியில்லாமல் போயிற்று. மாடத்தியிடம் இருந்த துண்டு உரைத்து உரைத்து எப்போதோ தீர்ந்துவிட்டது. அப்படி ஒரு சாயங்காலம் சொரிமுத்து வயிறு கல்லாகி வீறிட்டான். விக்கல் இல்லை, தும்மல் இல்லை, நிசமான நோவு. மாடத்தி வாசலுக்கு ஓடி வந்து, பழைய பழக்கத்தில் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் நுனிநாக்கு வரை வந்தது. கூப்பிட்டு இனி என்ன ஆகப்போகிறது, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தாள். அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

தெருவில் மழையில் நனைந்துகொண்டு முப்பிடாதி நின்றிருந்தாள். ஒரு கையில் சேலைத் தலைப்பால் மூடிய கிழங்குத் துண்டு.

"பிள்ளை அழுகிற சத்தம் சுவர்ல கேட்டுச்சு" என்றாள். "விளக்கைக் கொண்டாக்கா, நிக்காத."

இருவருமாகப் பற்றுப் போட்டார்கள். பிள்ளை அடங்கித் தூங்கினான். மிச்சமிருந்ததில் வட்டமாக ஒரு சில்லு நறுக்கி, நூலில் கோத்து, முப்பிடாதி அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். மாடத்திக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. "உனக்கு வேண்டாமா?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

"அது பொதுன்னு நீதானே சொன்ன" என்றாள் முப்பிடாதி.

மாடத்தி அந்தியில் பெயரை விழுங்கிக்கொண்ட அந்த மழைநாளிலிருந்துதான் பொழுது சாய்ந்த பிறகு யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. கடையில் போய், "பேர் சொல்லாதது இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். அதற்குக் கால் போய்விட்டதால், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால், கூப்பிடுவார்களா என்று காத்திராமல் நாம்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.