போஜன் வண்டியின் கூலர்

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி சாலை பிரிகிற இடத்தில் சலாவுதீனின் பட்டறை இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி மட்டும்தான் அவர் பார்ப்பார். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டி, இடுப்பு போனபிறகு ஸ்பேனர் பிடித்தவர். வேலை சுத்தம். வாய்க்கும் கோபத்துக்கும்தான் பிரேக் கிடையாது.

அன்று காலை ஒரு பிக்கப் வண்டி, மீட்பு லாரியின் முதுகில் ஏறி வந்து இறங்கியது. பார்த்ததுமே நாச்சிமுத்துவின் முகம் மாறிவிட்டது. இருபத்தொரு நாளைக்கு முன்னால் அவரே டார்க் கன்வர்ட்டர் மாற்றிக் கொடுத்த வண்டி.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் பரங்கிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அது. கிளட்ச் மிதித்துக் கால் செய்கிற வேலையை, அதற்குள் சுழலும் ஆயில் செய்துவிடும். வண்டிக்காரர் போஜனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. மண்சரிவு கொண்டுபோய்விட்டது. தோட்டத்துக் கேரட்டை மண்டிக்குக் கொண்டுவர அவரால் ஓட்ட முடிந்தது இந்த ஒரு வண்டியைத்தான்.

லாரி டிரைவர் இறங்கி வந்து சொன்னான்.

"நேத்து உர மூட்டையோட மலை ஏறியிருக்காருங்க. வளைவுல இழுவை செத்துப் போச்சு. வண்டி பின்னால உருண்டிருக்கு. மக குதிச்சு டயருக்குக் கல்லு வெச்சிருக்குது. வண்டி நின்னுருச்சு. புள்ளைக்கு ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சு."

"வெரலு நிக்குமா?" என்றார் சலாவுதீன்.

"நாளைக்குத்தான் தெரியுமாம். போஜன் நாலு மணிக்கு இங்க வர்றாரு. அடிச்சாலும் அடிப்பாருங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்பேனரை எறிந்தார். அது டின்னில் பட்டு எங்கோ போய் விழுந்தது. கம்பெனிக்காரனைத் திட்டினார். பாகம் விற்ற கடைக்காரனைத் திட்டினார். அத்தனை மூட்டை ஏற்றிய போஜனைத் திட்டினார். மலையையும் விடவில்லை. அரை மணி நேரத்தில் உலகத்தில் அவரைத் தவிர எல்லோரும் குற்றவாளி ஆகிவிட்டார்கள்.

கியர் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வைத்ததும் குருவிடம் திரும்பினார்.

"ஏனுங்க மேஸ்திரி, ஊர்ல இருக்கற பிக்கப் எல்லாம் வருசக்கணக்குல ஓடுது. இது மட்டும் புதுசு போட்டும் இருபத்தொரு நாளு. இந்தச் சனியன் ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

சலாவுதீன் திருப்பிக் கேட்டார்.

"கூலர் கழுவுனீங்களாண்ணா?"

"கழுவுனேனுங்க."

அவ்வளவு வேகமாக யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

கியர் ஆயில் சூடு ஆறி வரும் இடம் கூலர். ரேடியேட்டருக்கு முன்னால் சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும். கன்வர்ட்டர் தேய்ந்து செத்தால் அதன் இரும்புத் தூள் அங்கே போய்த் தங்கிவிடும். அதனால் புதியதை மாட்டும்போது கூலரையும் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அந்தத் தூள் ஆயிலோடு திரும்பி வந்து புதியதையும் தின்றுவிடும். முதல் வாரத்திலேயே சலாவுதீன் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அவர் கூலரைக் கழற்றினார். ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றுக் குழாயை வைத்து அடித்தார். மறுமுனையில் ஒரு வெள்ளைத் தொட்டியைப் பிடித்தார்.

கறுப்பாகக் கொட்டியது. வெயிலில் அந்தக் கறுப்புக்குள் இரும்புப் பொடி மினுக்கியது.

"புதுசு தேஞ்ச தூளா இருக்குமுங்க" என்றார் நாச்சிமுத்து.

சலாவுதீன் ஒரு விரலால் தொட்டியின் அடியை வழித்தார். சேறு மாதிரி திரண்டு வந்தது. அதை நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் தேய்த்தார்.

"இருபத்தொரு நாள்ல இவ்வளவு தேயுமாண்ணா?"

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அன்று அது பக்கத்தில் நின்றவருக்குக்கூட அரைகுறையாகத்தான் கேட்டது.

நாச்சிமுத்து உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்க அன்னிக்குக் கோயமுத்தூர் போயிருந்தீங்க. அந்தாளு என் தலைமாட்டுலயே நின்னு கத்துனானுங்க. கேரட் அழுகுது, இன்னுமா ஆகல, உனக்கெல்லாம் எதுக்கு ஸ்பேனருன்னான். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. தொலையட்டும்னு பைப்ப மாட்டி அனுப்பி உட்டுட்டேன்."

"கழுவ எத்தன நேரமாகும்?"

"ஒரு மணி நேரமுங்க."

சலாவுதீன் கறுப்பு நிறைந்த அந்தத் தொட்டியை எடுத்துப்போய் மேஜைமேல் பத்திரமாக வைத்தார். வேறொரு தொட்டியையும் மண்ணெண்ணெய் டின்னையும் கொண்டுவந்து சீடர் முன்னால் வைத்தார்.

"ஊத்துங்க."

நாச்சிமுத்து ஊற்றிக் காற்று அடித்தார். கறுப்பு. மறுபடி ஊற்றினார். கறுப்பு. மூன்றாவது தடவை பழுப்பாக வந்தது.

"போதுங்களா?"

"தெளிவா வர்ற வரைக்கும்."

ஐந்தாவது தடவையும் பழுப்புதான். ஏழாவது தடவை, உள்ளே அடைத்திருந்த கட்டி ஒன்று உடைந்து மறுபடி கறுப்பாகவே வந்தது. நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். குருவைத் திட்டினார், ஆனால் வாய்க்குள். இடுப்பு வலித்தது. காலி டின்னைத் தூக்கிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கும் என்று ஒன்பதாவது தடவை நினைத்தார். அதற்குப்பிறகு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

பன்னிரண்டாவது தடவை தொட்டியின் அடி தெரிந்தது.

"இனி புதுசு மாட்டுனா நிக்குமுங்களா?"

"நிக்கும்."

மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. நாச்சிமுத்து கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"மேஸ்திரி, போன தடவ போட்ட கன்வர்ட்டர் போலின்னு சொல்லிரலாமுங்களா? கடைக்காரன்மேல போயிரும்."

சலாவுதீன் மேஜைமேல் இருந்த கறுப்புத் தொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதக் கொண்டுபோய் அவருகிட்டக் காட்டுங்கண்ணா. அவரு கேக்கறதுக்கு முன்னாடி."

வாசலில் யாரோ ஓட்டிவந்த ஜீப் ஒன்று நின்றது. போஜன் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி இறங்கினார். சட்டையில் மகளின் ரத்தம் காய்ந்திருந்தது. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எங்கடா அவன்? எம் புள்ள கைய ஒடச்சவன் எங்கடா?"

நாச்சிமுத்து தொட்டியை இறுகப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பட்டறையில் அவரை யாரும் டா போட்டதில்லை.

"மேஸ்திரி, அந்தாளு வாயில வர்றதெல்லாம் கேட்டுட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கறதுங்க?"

சலாவுதீன் கூலரை எடுத்து வண்டியில் பொருத்தப் போனார்.

"தெளிவா வர்ற வரைக்கும்ண்ணா."